படகில் மட்டும் போகக்கூடிய தீவில் இரண்டு இரவு: சாமான் எவ்வளவு, டென்ட் எங்கே?

15 நவம்பர் 2025, இரவு 9.20
சிவாஜிநகர் டென்ட்:

கர்நாடகா ஷிவமொக்கா மாவட்டத்துல லிங்கனமக்கி அணையோட பின்நீரில், அதாவது அணைக்குப் பின்னால தேங்கி நிக்கிற தண்ணியில, ஒரு தீவு. ஹொன்னேமரடு பக்கத்திலிருந்து பரிசலில்தான் போகணும், வேற வழி கிடையாது. தண்ணி, கரண்ட், கக்கூஸ் எதுவும் இல்லை. பெங்களூரிலிருந்து நாலு பேர், ரெண்டு ராத்திரி, ஜனவரி கடைசி. கார்ல போய் டென்ட் போடுற அதே சாமான்தானே? ஆளுக்கு 25 கிலோ, ஒரு பரிசல், ரெண்டு நடை அடிச்சா முடிஞ்சுதுன்னு நான் சொல்றேன். இல்லைங்கிறவங்க காரணத்தோட சொல்லுங்க.

15 நவம்பர், இரவு 10.05
அல்சூர் துடுப்பு:

சாமான் எடையை அப்புறம் பார்க்கலாம். ரெண்டு நடைங்கிறதுதான் ஆபத்து. முதல் நடை போய் இறங்கி, பரிசல் திரும்பி வந்து, மறுபடி ஏத்திக் கிளம்பறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிடும். அந்தப் பின்நீரில் காலை 7-லிருந்து 10 வரைக்கும் தண்ணி அசையாது. பதினொண்ணுக்கு மேல காத்து எழும்பும். எழும்பினா ரெண்டாவது நடை நடக்காது. அப்போ ரெண்டு பேர் தீவுல, ரெண்டு பேர் கரையில. டென்ட் ஒரு பக்கம், கம்பி இன்னொரு பக்கம்.

வேற வழியே இல்லாம ரெண்டு நடை போகணும்னா, ஒவ்வொரு நடையும் தனியா ஒரு ராத்திரி தாங்கற மாதிரி பிரிச்சு ஏத்தணும். முதல் நடையில ஆள் ரெண்டு, தார்ப்பாய், ஒரு கேன் தண்ணி, முதலுதவிப் பை, வேக வைக்காம சாப்பிடற சாப்பாடு. ரெண்டாவது நடையிலும் அதே மாதிரி. தீவுலயும் சரி, கரையிலயும் சரி, யாரும் தனியா நிக்கக் கூடாது. நாலு பேருக்கு ரெண்டு பரிசல் பேசிடுங்க. காசு கூடத்தான் ஆகும், ஆனா பாதி பிரச்சனை அங்கேயே தீர்ந்துடும்.

15 நவம்பர், இரவு 10.40
சிவாஜிநகர் டென்ட்:

காத்துன்னா எவ்வளவு காத்து அண்ணா? ஏரிதானே, கடல் இல்லையே.

16 நவம்பர், காலை 6.50
அல்சூர் துடுப்பு:

நிறைஞ்சிருக்கும்போது சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பு. காத்து தடையில்லாம எவ்வளவு தூரம் தண்ணி மேல ஓடுதோ அவ்வளவுக்கு அலை உயரும். ரெண்டு தீவுக்கு நடுவுல குறுகின இடத்துல ஒண்ணும் தெரியாது. தீவு மறைப்பைத் தாண்டித் திறந்த பரப்புக்கு வந்ததும் ஒரே நிமிஷத்துல நிலைமை மாறும்.

படகை நேராப் போக வைக்கிற அடிக்கட்டை பரிசலுக்குக் கிடையாது, அடி தட்டை, வடிவம் வட்டம். அதனால காத்து தள்ளுற திசைக்கே போகும். ஒரு பக்கமா வலிச்சா நின்ன இடத்துலயே சுத்தும். முன்னால உட்கார்ந்து, துடுப்பை நேரா முன்னால நீட்டித் தண்ணியில இறக்கி, வயித்தை நோக்கி இழுக்கணும், இடம் வலம்னு மாத்தி மாத்தி. அமைதியான தண்ணியிலேயே மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் போனா பெரிசு. எதிர்க்காத்துல அதுவும் இருக்காது. கயாக்குன்னா, அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகுன்னா, சாமானோட மணிக்கு நாலு கிலோமீட்டர் வரும், ஆனா சாமான் பிடிக்கும் இடம் குறைவு.

ஏத்தும்போது பார்க்க வேண்டிய அளவு ஒண்ணுதான். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு பரிசல் விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண் நிக்கணும். நிக்கலைன்னா ஒரு கேனை இறக்குங்க. பேரம் பேசாதீங்க.

16 நவம்பர், காலை 9.15
காக்ஸ்டவுன் அக்கா:

தம்பி, கிளம்பறதுக்கு முன்னாடி அனுமதியைப் பாருங்க. அந்தப் பின்நீரோட ஒரு பகுதி ஷராவதி பள்ளத்தாக்கு சரணாலயத்துக்குள்ள வருது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், ராத்திரி தங்கறது அதைவிட. படகுக்காரர் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றது அனுமதி ஆகாது. ஹொன்னேமரடுல நீர் விளையாட்டு முகாம் ரொம்ப வருஷமா நடக்குது. அது மாதிரி ஏற்கனவே அனுமதியோட நடக்கிற இடத்து மூலமாப் போறது நல்லது. இல்லைன்னா எந்தத் தீவு, எந்தத் தேதி, எத்தனை பேர்னு எழுதி, பக்கத்து ஊரான சாகராவுல வனத்துறை அலுவலகத்துல கேட்டு, எழுத்துல வாங்குங்க.

16 நவம்பர், மதியம் 1.30
நீர்மட்டம்:

இதுவரை யாரும் முக்கியமான விஷயத்தைத் தொடவில்லை. எந்தத் தீவு என்பதைவிட அன்றைக்கு அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் இந்தப் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

லிங்கனமக்கி 1964-இல் வந்த அணை. முழுக் கொள்ளளவு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1819 அடி. நீங்கள் தீவு என்று சொல்வது மூழ்கிய மலையின் உச்சி. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் மர வரிசை வரைக்கும் நிற்கும். அதன்பின் மின் உற்பத்திக்கு எடுக்க எடுக்க, ஜூன் வரை இறங்கிக்கொண்டே போகும். இறங்க இறங்கத் தண்ணீருக்கும் மர வரிசைக்கும் நடுவில் ஒரு வெறும் மண் பட்டை வெளியே வரும். புல்லும் இருக்காது, சருகும் இருக்காது. வெற்றுக்கரை என்று வைத்துக்கொள்வோம். டென்ட் போட வேண்டிய இடம் இதுதான்.

கரை பத்துக்கு ஒன்று சரிவாக இருந்தால், தண்ணீர் ஒரு அடி இறங்கும்போது பத்து அடி அகலத்துக்கு வெற்றுக்கரை கிடைக்கும். ஐந்து அடி இறங்கினால் ஐம்பது அடி. நவம்பரில் போனால் பல தீவுகளில் இந்தப் பட்டையே இருக்காது. மரத்தடியில்தான் டென்ட், அது ஏன் கூடாது என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஏப்ரலில் போனால் பட்டை மிக அகலம். ஆனால் தண்ணீர் ஓரம் சேறு, முழங்கால் வரை இறங்கும், கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதி என்பது நல்ல தேர்வு. அணைகளின் தினசரி மட்டத்தைக் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் வெளியிடுகிறது. கிளம்பும் வாரம் முழுக்கப் பாருங்கள்.

16 நவம்பர், மாலை 4.10
அல்சூர் துடுப்பு:

சார் சொன்னதோட சேர்த்து இன்னொண்ணு. மட்டம் இறங்கும்போது பழைய மரக் கட்டைங்க தண்ணிக்குக் கீழ ஒரு முழத்துல நிக்கும். மூழ்கின காட்டோட அடிமரங்கள், கறுத்துப் போய், கல்லு மாதிரி. ஃபைபர் பரிசல் மேல ஏறி மாட்டிக்கிட்டா ஒரு பக்கமா சாயும். காத்து ஊதற கயாக்கா இருந்தா கிழிஞ்சே போகும். வெயில் சாய்ஞ்ச பிறகு கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி தண்ணியில இறங்கவே கூடாதுங்கிறதுக்கு முதல் காரணம் இதுதான்.

மாட்டிக்கிட்டா எழுந்து நிக்காதீங்க. உட்கார்ந்தபடியே எடையை எதிர்ப்பக்கம் நகர்த்தி, துடுப்பால கட்டையைத் தள்ளி, வந்த வழியே பின்னால எடுங்க.

16 நவம்பர், இரவு 8.00
ஜாலஹள்ளி ரிடையர்டு:

மரத்தடியில் ஏன் கூடாது என்பதை நான் எழுதுகிறேன். உண்ணி.

உண்ணி கடியால் வருவது கியாசனூர் காட்டு நோய், அந்தப் பக்கத்தில் மங்கன காயிலே, அதாவது குரங்குக் காய்ச்சல். 1957-இல் ஷிவமொக்கா மாவட்டம் சொரபா தாலுகா கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்டது. 2018 கடைசியிலும் 2019-இலும் பலமாகப் பரவியது சாகரா தாலுகா அரலகோடு பகுதியில். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், லிங்கனமக்கி பக்கத்திலேயே இருக்கிறது. நோய்க் காலம் டிசம்பரிலிருந்து மே வரை. நீங்கள் போகும் ஜனவரி கடைசி அதற்கு நடுவில் விழுகிறது. பழைய தடுப்பூசியும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தனி மருந்தும் கிடையாது. கடி படாமல் இருப்பது ஒன்றே வழி.

கடுகைவிடச் சிறிய குட்டி உண்ணிதான் பெரும்பாலும் கடிக்கும். அது இருப்பது காய்ந்த சருகிலும் புதரிலும். ஆகவே சருகின் மேல் உட்காராதீர்கள், படுக்காதீர்கள், பையை வைக்காதீர்கள். முழுக்கால் பேன்ட், அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வெளிர் நிறத் துணி என்றால் ஊர்வது தெரியும். மர வரிசைக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் கை கால்களில் பூச்சி விரட்டி பூச வேண்டும். அங்கே சுகாதாரத் துறை டெபா எண்ணெய் கொடுக்கிறது. கிடைக்காவிட்டால் டீட் (DEET) என்ற விரட்டி மருந்து உள்ள களிம்பு. திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் என்று ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டும்.

ஒட்டியிருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் குச்சியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது மூன்றும் கூடாது. எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

16 நவம்பர், இரவு 8.25
ஜாலஹள்ளி ரிடையர்டு:

விட்டுப்போனது. கடித்து மூன்றிலிருந்து எட்டு நாளுக்குள் திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. அப்போது நீங்கள் பெங்களூரில் இருப்பீர்கள். டாக்டர் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார். "சாகரா பக்கம் காட்டோரம் தங்கினேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை வேறு திசையில் போகும். திரும்பி வந்து இரண்டு வாரம் வரை இது நால்வருக்கும் நினைவில் இருக்கட்டும்.

17 நவம்பர், காலை 7.30
சிவாஜிநகர் டென்ட்:

படிச்சதும் பசங்க ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க, போகலாமா வேண்டாமான்னு.

17 நவம்பர், காலை 8.10
நீர்மட்டம்:

போகலாம். வெற்றுக்கரையில் சருகு இல்லை, புதர் இல்லை, மாடும் குரங்கும் வந்து நிற்கும் நிழல் இல்லை. டென்ட், சமையல், உட்காருவது எல்லாம் அந்தப் பட்டைக்குள்ளேயே இருந்தால் அபாயம் வெகுவாகக் குறையும். மர வரிசைக்குள் போக வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இனி பேச வேண்டும்.

17 நவம்பர், காலை 10.45
காக்ஸ்டவுன் அக்கா:

கக்கூஸ் விஷயம்தானே, நானே எழுதறேன். ஆம்பளைங்க இதை எப்பவும் கடைசிக்குத் தள்ளிடுவீங்க.

எல்லாரும் சொல்ற விதி, தண்ணியிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, போய்ட்டு மண்ணைப் போட்டு மூடறது. இது ஆத்தோரத்துக்குச் சரி. அணைப் பின்நீருக்கு அப்படியே பொருந்தாது. ஏன்னா வெற்றுக்கரைங்கிறது ஏரியோட படுகை. தண்ணியிலிருந்து 60 மீட்டர் அளந்து அங்க தோண்டினாலும், ஆகஸ்ட்ல தண்ணி ஏறினதும் அது அத்தனையும் ஏரிக்குள்ளதான். அளக்க வேண்டியது இன்னைக்குத் தண்ணி நிக்கிற கோட்டிலிருந்து இல்லை, முழு மட்டக் கோட்டிலிருந்து. மரம் ஆரம்பிக்கிற இடம் அந்தக் கோடு. அதுக்கு மேல 60 மீட்டர்.

சின்னத் தீவுன்னா மேல 60 மீட்டரே இருக்காது. இருந்தாலும் செம்புறாங்கல், ஆறு அங்குலம் தோண்டறதுக்குள்ள கை கொப்புளிச்சிடும். கூடவே சார் சொன்ன உண்ணி. அதனால மூடி போட்ட பெயின்ட் வாளி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, இருபது லிட்டர். உள்ள தடிமனான பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மரக்கடையில மரத்தூள் அஞ்சு கிலோ வாங்கிக்கங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை தூள் போட்டா வாடையும் ஈரமும் அடங்கும். ஒண்ணுக்குப் போறதை அதுல விடாதீங்க, ஈரம் ஏறினா நாத்தம் தாங்காது. நாலு பேருக்கு ரெண்டு நாளுக்கு இது போதும். பையை இறுக்கிக் கட்டி, மூடியை அடிச்சு மூடி, திரும்பக் கொண்டு வரணும். மறைப்புக்கு ஒரு பழைய வேட்டியும் ரெண்டு கம்பும் போதும்.

பாத்திரம் கழுவற தண்ணியையும் ஏரியில ஊத்தாதீங்க. சோப்பு எதுவானாலும் சரி. சோத்துப் பருக்கையை வடிகட்டிப் பையில போட்டுட்டு, தண்ணியை மேட்டுல பரவலா வீசிடுங்க.

17 நவம்பர், மதியம் 12.20
அல்சூர் துடுப்பு:

அக்கா சொன்ன வாளி போகும்போது காலி. அதுக்குள்ள மரத்தூள், கயிறு, தார்ப்பாய் வைக்கலாம். திரும்பும்போது அது பரிசல் நடுவுல, கயித்தால கட்டி. கவிழ்ந்தாலும் மூடி திறக்காத வாளியாப் பார்த்து வாங்குங்க.

18 நவம்பர், இரவு 9.00
சிவாஜிநகர் டென்ட்:

தண்ணி கணக்கு? ஏரித் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா கேன் தூக்க வேண்டியதில்லையே.

18 நவம்பர், இரவு 9.50
நீர்மட்டம்:

கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சுற்றிலும் பாக்குத் தோட்டம், வயல். மருந்தும் உரமும் கலந்திருந்தால் கொதிக்க வைப்பதால் அது போகாது. குளோரின் மாத்திரையாலும் போகாது. ஏரித் தண்ணீர் கை கால் கழுவ, பாத்திரம் தேய்க்க. குடிக்கவும் சமைக்கவும் கேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். நாலு பேர், இரண்டரை நாள், நாற்பது லிட்டர். காற்று அடித்துத் திரும்ப முடியாமல் போனால் கூடுதலாக ஒரு நாளைக்குப் பதினாறு லிட்டர். ஆக இருபது லிட்டர் கேன் மூன்று, அறுபது கிலோ. ஆளுக்கு 25 கிலோ என்ற உங்கள் கணக்கு இங்கேதான் உடைகிறது. மற்ற சாமானை ஆளுக்கு 12 கிலோவுக்குள் கொண்டுவந்தால்தான் இரண்டு பரிசலில் ஒரே நடையில் விளிம்பு ஒரு சாண் நிற்கும்.

18 நவம்பர், இரவு 10.30
காக்ஸ்டவுன் அக்கா:

நாலு லிட்டர் ஜனவரிக்குச் சரி சார். மார்ச்சுக்கு மேல போறவங்க ஆறுன்னு வெச்சுக்கட்டும். நிழல் இல்லாத கரையில பகல் முழுக்க இருக்கணுமே.

22 நவம்பர், காலை 11.00
ஜாலஹள்ளி ரிடையர்டு:

கேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூரிலிருந்து தாளகுப்பா ரயிலில் போய் சாகராவில் இறங்குவதாக இருந்தால் கேஸ் சிலிண்டர், அடுப்பு எண்ணெய், ஸ்பிரிட் எதையும் எடுத்துப் போக முடியாது. ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரியது. பஸ்ஸிலும் அதே. அங்கே போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், திருகு மூடிச் சின்ன சிலிண்டர் சாகராவில் கிடைக்கும் என்று நம்பிப் போவது சரியல்ல. காரில் போனால் மட்டும் கேஸ், அதுவும் வெயில் படாத இடத்தில்.

கணக்கு: ஒரு லிட்டர் கொதிக்க 10 கிராம். காற்று அடித்தால், மறைப்பு இல்லாவிட்டால் 15. நாளைக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால் இரண்டு நாளில் 180 கிராம். 230 கிராம் சிலிண்டர் ஒன்று போதும், கையிருப்புக்கு இன்னொன்று. காற்று மறைப்புத் தகட்டை அடுப்பைச் சுற்றி முழுதாக மூடாதீர்கள். சூடு திரும்பி சிலிண்டரில் இறங்கும். மூன்று பக்கம் போதும். விறகு நெருப்பு வேண்டாம். ஜனவரியிலிருந்து அந்தக் காடு காய்ந்து கிடக்கும், தீவில் பற்றினால் ஓட இடமில்லை.

22 நவம்பர், மதியம் 2.15
காக்ஸ்டவுன் அக்கா:

ரயில்ல போறவங்க அடுப்பில்லாமலே சமாளிக்கலாம். முதல் நாளுக்கு மிளகாய்ப் பொடி நல்லெண்ணெய் தடவின இட்லி. ரெண்டாவது நாள் புளியோதரை, நல்லெண்ணெய் கொஞ்சம் தூக்கலா விட்டு, தேங்காய் போடாம. கெட்டி அவல் ஒரு கிலோ, குடிதண்ணியில கால் மணி ஊற வெச்சா வெல்லம் போட்டும் சாப்பிடலாம், புளிக்காய்ச்சல் போட்டும் சாப்பிடலாம். மூணாவது நாளுக்கும் காத்துல மாட்டிக்கிற கூடுதல் நாளுக்கும் அவல்தான். வறுத்த கடலை, பேரீச்சம்பழம், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆளுக்கு ரெண்டு. தயிர் சாதம் முதல் நாள் மத்தியானத்தோட சரி.

எல்லாத்தையும் கிளிப் போட்ட டப்பாவுல வைங்க. எலி, எறும்பு, குரங்கு மூணுக்கும் பிளாஸ்டிக் பை ஒரு தடையே இல்லை. டென்ட்டுக்குள்ள சாப்பாடு வேண்டாம்.

22 நவம்பர், மதியம் 2.40
சிவாஜிநகர் டென்ட்:

காபி அக்கா?

22 நவம்பர், மதியம் 3.05
காக்ஸ்டவுன் அக்கா:

டிகாக்ஷன் கெட்டியா இறக்கி ஸ்டீல் ஃபிளாஸ்க்குல எடுத்துட்டுப் போனா அடுத்த நாள் காலை வரைக்கும் வாசனை நிக்கும். அதுக்கப்புறம் பால் பவுடர் போட்டுக் குடிக்கிறதுக்குச் சுக்குக் காபி மேல். அடுப்பு இருக்கிறவங்க பில்டரையே எடுத்துட்டுப் போங்க, 200 கிராம் எடைக்கு அது நியாயம்தான்.

22 நவம்பர், மாலை 5.20
அல்சூர் துடுப்பு:

பில்டரை ஆதரிக்கிறேன்.

29 நவம்பர், காலை 8.40
அல்சூர் துடுப்பு:

லைஃப் ஜாக்கெட் பத்தி இன்னும் யாரும் பேசலை. படகுக்காரர் கொடுக்கிறதை அப்படியே மாட்டிக்காதீங்க. நுரையைக் கட்டைவிரலால அமுக்குங்க. விட்டதும் எழும்பணும், எழும்பாம பள்ளமாவே இருந்தா அது மிதக்காது. மாட்டி, பட்டைகளை இறுக்கி, வேற ஒருத்தரை ரெண்டு தோள் பட்டையையும் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. தாடையைத் தாண்டி ஏறினா அளவு பெரிசு, தண்ணியில விழுந்தா கழண்டு தலைக்கு மேல போயிடும். நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு 50 நியூட்டன் மிதப்பு விசை போதும். தெரியாதவங்களுக்கு 100 நியூட்டன், கழுத்துப் பட்டையோட. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள தச்சிருக்கிற சீட்டைப் படிங்க. சீட்டே இல்லைன்னா வேற கேளுங்க.

பையை முதுகுல மாட்டிக்கிட்டுப் பரிசல்ல உட்காராதீங்க. கவிழ்ந்தா நீந்தி எங்கேயும் போகாதீங்க. பரிசலைப் பிடிச்சுக்கிட்டுக் காலால உதைச்சுப் பக்கத்துத் தீவுக்குப் போங்க. கரை எப்பவும் கண்ணுக்குத் தெரியறதைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

ட்ரை பேக், அதாவது தண்ணி புகாத பை: முழுக்க அடைக்காதீங்க. முக்கால் அளவு வெச்சு, முழங்காலால அமுக்கிக் கொஞ்சம் காத்தை வெளியேத்தி, வாயை மூணு சுத்து சுருட்டிக் கொக்கி போடணும். ரெண்டு சுத்துல தண்ணி உள்ள வரும். முக்கால் அளவு அடைச்ச 30 லிட்டர் பை சுமார் 20 கிலோ வரைக்கும் மிதக்கும், நம்ம சாமான் அந்த எடைக்கு வராது. மூழ்கற சாமான்னா அடுப்பு, ஆணி, கத்தி, பாத்திரம். அதை ஒரே பையில போட்டு அந்தப் பையை மட்டும் பரிசலோட கட்டுங்க. மத்ததைக் கட்டாம விடுங்க, கயிறு காலைச் சுத்தும்.

29 நவம்பர், காலை 11.30
நீர்மட்டம்:

டென்ட் ஆணி. வெற்றுக்கரையில் மேலே இரண்டு அங்குலம் வண்டல், கீழே செம்புறாங்கல். டென்ட்டோடு வரும் அலுமினியக் குச்சி முதல் அடியிலேயே வளையும். ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குல இரும்பு ஆணி இருபது, அதன் தலைக்குப் பெரிய வாஷர், ஒரு சின்னச் சுத்தியல். ஆணி இறங்காத இடத்தில் கயிற்றைத் தலையளவு கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றுங்கள். ஆழமான வண்டலாக இருந்தால் ஆணி பிடிக்காது. காலி அரிசிப் பையில் மண் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் படுக்கை வசத்தில் புதையுங்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் வராது.

இடம்: தண்ணீரிலிருந்து செங்குத்தாகக் குறைந்தது ஒரு மீட்டர் உயரம். மழை ஓடின கோடு இருக்கும் பள்ளத்தில் வேண்டாம். ஜனவரியில் இரவு பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கலாம், தண்ணீர் ஓரம் பனி கொட்டும். அதற்காக டென்ட்டை இறுக்கி மூடினால் மூச்சுக் காற்றே உள்ளே சொட்டும். மேல் வலையைத் திறந்து வையுங்கள். கீழ் ஜிப் மட்டும் எப்போதும் முழுக்க மூடியிருக்கட்டும். கட்டுவிரியன் தரையில் படுப்பவர் பக்கத்தில் ராத்திரியில்தான் வரும். செருப்பு, ஷூ டென்ட்டுக்கு வெளியே கிடக்கக் கூடாது.

29 நவம்பர், மதியம் 12.10
ஜாலஹள்ளி ரிடையர்டு:

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச்சைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் படகுக்குத் தூக்கி, சாகரா அரசு மருத்துவமனை. விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். அந்தக் காட்டின் குழி விரியன்களுக்கு அது வேலை செய்யாது, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் செலவழிக்காதீர்கள்.

ராத்திரியில் கட்டைகளுக்கு நடுவே படகு எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரே விதிவிலக்கு இது. அப்போதும் 112-க்கும் படகுக்காரருக்கும் போன் போட்டு, வழி தெரிந்தவர் விளக்கோடு வந்து எடுப்பதுதான் முறை. தீவில் இறங்கியதுமே எந்த மேட்டில், எந்த கம்பெனி சிம்மில் சிக்னல் வருகிறது என்று நடந்து பார்த்து, அந்த இடத்தில் கல் அடுக்கி அடையாளம் வையுங்கள். நால்வரிடமும் ஒரே கம்பெனி சிம் இருந்தால் ஒருவர் மாற்றி எடுத்து வரட்டும்.

6 டிசம்பர், இரவு 9.30
சிவாஜிநகர் டென்ட்:

மாத்தி எழுதின திட்டம்: ரெண்டு பரிசல், ஒரே நடை, காலை ஏழரைக்குத் தண்ணியில. மூணு கேன். ஆளுக்கு 12 கிலோ. வாளி, மரத்தூள். டென்ட் வெற்றுக்கரையில. கார்ல போறதால கேஸ். திரும்பறது மூணாம் நாள் காலை ஏழு மணி. படகுக்காரர் விட்டுட்டுப் போயிட்டு மூணாம் நாள் வருவார். முழுப் பணமும் முதல்லயே கேக்கறார்.

6 டிசம்பர், இரவு 10.15
அல்சூர் துடுப்பு:

பாதி முன்னால, பாதி திரும்பிக் கரை ஏறின பிறகு. தேதியும் நேரமும் ஒரு தாள்ல எழுதி அவர்கிட்ட ஒண்ணு, முகாம்ல ஒண்ணு, பெங்களூர் வீட்டுல ஒண்ணு. மூணாம் நாள் மதியம் 12 வரைக்கும் அழைப்பு வரலைன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு அதே தாள்ல இருக்கணும். முடிஞ்சா ஒரு பரிசலைத் தீவுலயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, அதுக்குத் தனியா வாடகை கொடுத்தாலும் சரி. படகே இல்லாம தீவுல இருக்கிறது நல்லதில்லை. விட்டுட்டுப் போற பரிசலைத் தண்ணியிலிருந்து நல்லா மேல இழுத்து, கவிழ்த்து, 8 மில்லிமீட்டர் நைலான் கயித்தால ரெண்டு இடத்துல கட்டுங்க. காலி ஃபைபர் பரிசலை ராத்திரிக் காத்து உருட்டிட்டுப் போயிடும்.

காலை ஏழுன்னு கடிகாரத்தைப் பார்க்காதீங்க. ஜனவரியில தண்ணி மேல மூடுபனி நிக்கும். எதிர்க்கரை மரம் தெரியற வரைக்கும் கிளம்பக் கூடாது. எட்டு, எட்டரைக்குள்ள விலகிடும்.

7 டிசம்பர், காலை 7.00
நீர்மட்டம்:

ஏப்ரல், மே மாதத்தில் இதைப் படித்துவிட்டுக் கிளம்புபவர்களுக்கு: அப்போது மாலையில் இடி மழை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது விநாடிக்குள் என்றால் தண்ணீரில் இருக்கக் கூடாது, தீவின் உச்சியிலும் கூடாது, தனி மரத்தடியிலும் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் பொறுக்க வேண்டும். வெற்றுக்கரையில் மறைவே கிடையாது என்பதால், அந்த மாதங்களில் இந்த இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

7 டிசம்பர், காலை 9.20
காக்ஸ்டவுன் அக்கா:

வீட்டுக்கு வந்ததும் துணி எல்லாத்தையும் தனிப் பையிலிருந்து நேரா வெந்நீர்ல போடுங்க, கட்டில்லயோ சோபாவுலயோ வைக்காதீங்க. டென்ட்டை உதறி மொட்டை மாடியில ரெண்டு நாள் நல்ல வெயில்ல. வாளிப் பையை நேரா கக்கூஸ்ல கொட்டாதீங்க, மரத்தூள் அடைச்சுக்கும். தோட்டம் இருக்கிற யார் வீட்டிலாவது கிணத்துக்குத் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க.

7 டிசம்பர், காலை 9.45
சிவாஜிநகர் டென்ட்:

காலி கேன் மூணையும் அங்கேயே படகுக்காரருக்குக் கொடுத்துடலாமா?

7 டிசம்பர், காலை 10.10
அல்சூர் துடுப்பு:

கரை ஏறின பிறகு கொடுங்க. மூடி இறுக்கின காலி கேன் ஒண்ணு இருபது கிலோவைத் தண்ணி மேல தாங்கும். திரும்பும்போது பரிசலுக்கு ஒண்ணு வீதம் ஒரு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச அளவு) நீளக் கயித்தோட, கை எட்டற இடத்துல. மூணாவதை நீச்சல் தெரியாதவர் பக்கத்துல வைங்க.